பழைய அணைக்குத் திருத்த வேலை: குணமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

றக்வானைப் பக்கம் அடைமழை பிடித்தால் லயத்துப் பீலியில் தண்ணி கலங்கி வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "மேல எங்கயோ மண்ணு கரையுது" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அணைக்கட்டைப் பரிசோதிக்கும் இஞ்சினியர்மாரும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கொழும்பு நகரத்துக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணி போனது அவிசாவளைப் பக்கத்திலுள்ள லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து. அது 1886 இல். பிறகு 1950களில் களட்டுவாவ நீர்த்தேக்கமும் சேர்ந்தது. இரண்டும் இன்றும் தண்ணி கொடுக்கின்றன. லபுகமவுக்கு வயது 130ஐத் தாண்டிவிட்டது. இத்தனை வயதான அணையை நம்பலாமா?

வயதை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. கந்தளாய்க் குளம் பழைய அரசர் காலத்துக் குளம். அதன் கரை 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நமது இரத்தினபுரி மாவட்டத்துச் சமனலவெவ புத்தம் புதிய அணை. தண்ணி நிரப்பத் தொடங்கியபோதே மலைப்பக்கமாகக் கசிவு கண்டது. அந்தக் கசிவை அளந்து, கண்காணித்து வருகிறார்கள். ஆகவே, பழசா புதுசா என்பதைவிட, யார் பார்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

மண் அணையில் மூன்று விஷயங்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கசிவு. மண் அணையில் கொஞ்சம் தண்ணி கசிவது வழக்கம். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. கலங்கி வந்தாலோ, மழை இல்லாதபோதும் அளவு கூடினாலோ, உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். "அடிப்பக்கத்தைக் களிமண் போட்டு அடைச்சா என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அடைக்கக் கூடாது. வெளியே போக வழியில்லாத தண்ணி உள்ளே நின்று கரையைத் தள்ளும். அதனால்தான் அடிவாரத்தில் மணல், சல்லி, கருங்கல் என்று அடுக்குகிறார்கள். தண்ணி வெளியே போகும், மண் உள்ளேயே நிற்கும்.

இரண்டாவது, வான். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணி பாயும் வழி இது. மண் கரைக்கு மேலால் தண்ணி பாய்ந்தால், சில மணி நேரத்திலேயே கரை போய்விடலாம். பழைய வான்கள் அந்தக் காலத்து மழைக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டவை. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரியில் பெய்த மழையை நாம் மறக்கவில்லை. அப்படியான மழையையும் சேர்த்துத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணி எடுக்கும் துருசும் குழாயும். இரும்புக் குழாய் அணைக்குள்ளே துருப்பிடித்தால், அதன் ஓரமாக மண் அரிபடும். அவசரத்தில் தண்ணியை இறக்க வேண்டிய கதவு திறக்காவிட்டால் இன்னும் மோசம். கரையில் வளரும் பெரிய மரத்தின் வேர், கறையான் புற்று, விலங்குகள் தோண்டிய வளை எல்லாம் தண்ணிக்கு வழி காட்டிவிடும்.

குடிதண்ணி அணையில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருத்துவதற்காகக் குளத்தை வற்றவிட்டால் நகரத்துக்குத் தண்ணி ஏது? அதனால் நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, பகுதி பகுதியாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 2008 இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டத்தில், ஆபத்துக் கூடிய 32 அணைகளைத் திருத்த எடுத்துக்கொண்டார்கள்.

புது சீமெந்தையும் பெயின்ற்றையும் பார்த்து "வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட முடியாது. திருத்துவதற்கு முன் அளந்த கசிவையும் பின் அளந்த கசிவையும், குளம் ஒரே மட்டத்தில் இருக்கும்போது ஒப்பிட வேண்டும். குளம் நிறையும் மழைக்காலம் ஒன்றாவது கடக்க வேண்டும். கதவுகளைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கீழே குடியிருப்போருக்கு எச்சரிக்கை எப்படிப் போகும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

நம் தோட்டத்துச் சின்னக் குளத்துக்கும் லயத்துக்கு மேலே உள்ள தாங்கிக்கும் இதே கணக்குத்தான். கரையில் செடி கொடி வளர விடாதீர்கள். வானையும் கானையும் குப்பை அடைக்க விடாதீர்கள். கசியும் இடத்தில் ஒரு வாளியை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று வாரம் ஒருமுறை கொப்பியில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையே இதைச் செய்யலாம். ஒரு போத்தலில் பிடித்து, அடியில் மண் படிகிறதா என்றும் பாருங்கள்.

மண் படிந்தாலோ, வாளி முன்பைவிடச் சீக்கிரம் நிரம்பினாலோ, அன்றைக்கே தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். எழுதி வைத்த கணக்கை யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. கரை சரிந்தாலோ, வெடித்தாலோ, கொப்பியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கீழே உள்ளவர்களை முதலில் மேட்டுக்கு அனுப்புங்கள். பிறகு 117க்கு அழையுங்கள்.