வளைவில் மோட்டார் சைக்கிள்

கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் மலைப்பாதையில், பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற இடத்திலே, மோட்டார் சைக்கிளோட்டியின் திறமை வளைவுக்கு முன்னரே சோதிக்கப்படுகின்றது. வேகம் 2 மடங்கானால், அதே வளைவில் திரும்புவதற்கு வேண்டிய பக்கவிசை 4 மடங்காகும். அவ்விசையைத் தருவது உள்ளங்கையளவு நிலத்தைத் தொடும் ரயரின் பிடிப்பே. பிறேக்கும் அதே பிடிப்பிலிருந்துதான் தன் பங்கைப் பெறுகின்றது. வண்டி சாய்ந்திருக்கையில் பிறேக்கை இறுக்கினால் சில்லு வழுக்குவது இதனாலேயாம். ஆகவே நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து, கியரையும் தாழ்த்திக்கொள்ளல் வேண்டும்.

வண்டியை இடப்புறம் சாய்க்க இடக் கைபிடியையே முன்னே தள்ளவேண்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். எனினும் உண்மை அதுவே. பார்வை பள்ளத்தில் நிலைத்தால் கையும் அப்பக்கமே இழுபடும்; வளைவு முடியும் திசையைக் கண் நாடவேண்டும். வலப்புற வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்பவரின் சில்லு தன் பாதியில் இருப்பினும், தலை எதிரே வரும் பஸ்ஸின் வழியில் இருக்கும்.