போரை மூட்டியவர் யார் என்று கதை சொல்ல வேண்டும்

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளுக்குள் நாம் நுழையும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும். நகரங்கள் சாம்பலாகிக் கிடக்கும், உருமாறிய மனிதர்கள் இருட்டில் அலைவார்கள். போரை யார் தொடங்கினார்கள், அந்த உருவங்கள் எப்படி உண்டாயின என்பதைப் பல கதைகள் சொல்வதே இல்லை. கோர்மக் மெக்கார்த்தி 2006இல் எழுதிய 'தி ரோட்' நாவலில் ஒரு தகப்பனும் மகனும் சாம்பல் மூடிய பாதையில் தெற்கு நோக்கி நடக்கிறார்கள். கடிகாரங்கள் 1.17க்கு நின்றன, வெளிச்சமும் அதிர்வும் வந்தன என்பதற்கு மேல் அழிவின் காரணம் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவராது. தப்பிப் பிழைத்தவருக்கு அடுத்த வேளைச் சாப்பாடுதான் கேள்வி, காரணம் அல்ல என்பார்கள் இந்த மௌனத்தை ஏற்பவர்கள். அதில் உண்மை உண்டு. 2004 டிசம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் சுனாமி அலை இலங்கையின் கிழக்கே வினாயகபுரம், திருக்கோவில் தொடங்கி கல்முனை, மருதமுனை வரையான கரையில் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓடியவர்களுக்குக் கடல் ஏன் ஊருக்குள் வருகிறது என்று தெரியாது. அந்தக் காலைப்பொழுதைக் கதையாக எழுதுபவர் நிலநடுக்கத்தை விளக்காமல் விட்டால் அது குறையாகாது.

ஆனால் அலைக்குப் பின்னால் ஆள் இல்லை. போருக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி 'வந்தது, அழித்தது' என்று எழுதினால், செய்தவர்கள் கதையிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள். பழி கண்ணெதிரே நிற்பவர் மேல் விழும். ஜோன் விந்தம் 1955இல் வெளியிட்ட 'தி கிறிசலிட்ஸ்' நாவல் இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அதில் வரும் சமூகத்துக்குப் பழைய உலகம் ஏன் அழிந்தது என்று தெரியாது. கடவுள் தந்த தண்டனை என்று நம்பி, உடலில் சிறு மாறுதல் உள்ளவர்களையும் பாவப் பிறவிகள் என்று துரத்துகிறது. சோபி என்ற சிறுமிக்குக் காலில் ஆறு விரல்கள். ஓடையில் இறங்கிய அவளுடைய ஈரப் பாதம் பாறையில் பதிய, அதை ஒரு பையன் கண்டுவிடுகிறான். ஒரு விரல் கூடியதற்காக அந்தக் குடும்பமே ஊரைவிட்டு ஓடுகிறது. விந்தமும் போரின் வரலாற்றை எங்கும் விவரிக்கவில்லை. ஆனால் தெற்கே கருகிய கரைகள் உண்டு, இரவில் மினுங்கும் நிலம் உண்டு என்று ஒரு கடலோடியைச் சொல்ல வைக்கிறார். அணுகுண்டின் வேலை அது என்று நமக்குப் புரிகிறது, அந்த ஊராருக்குப் புரிவதில்லை. அவர்களுடைய கொடுமை எங்கிருந்து பிறக்கிறது என்பது அந்த இடைவெளியில்தான் வெளிச்சமாகிறது.

பாதிக்கப்பட்டவர் மேலேயே பழி விழுவது வெறும் கற்பனை அல்ல. எக்ஸ் கதிர்கள் பழ ஈக்களின் மரபணுவில் மாற்றத்தை உண்டாக்குகின்றன என்று ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டினார். 1946இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கதிர்வீச்சு விகார உருவங்களைப் பெற்றெடுக்கும் என்ற அச்சம் கதைகளிலும் சினிமாவிலும் பரவியது. உயிர் தப்பியவர்களிடையே புற்றுநோய் கூடியது உண்மை. ஆனால் அவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளைப் பல தசாப்தங்களாக ஆராய்ந்தும் பரம்பரைக் குறைபாடுகள் கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. இருந்தும் குண்டு விழுந்த ஊர்க்காரர் என்பதற்காகவே பலருக்குக் கல்யாணம் தட்டிப்போனது, வேலை மறுக்கப்பட்டது. குண்டு போட்டவர்களை விட்டுவிட்டு, குண்டுபட்ட உடம்பைப் பார்த்து ஊர் பயந்தது. உருமாறியவர்களைக் காரணம் சொல்லாமல் அரக்கர்களாக மட்டும் காட்டும் கதை அந்தப் பயத்துக்கே தீனி போடுகிறது.

காரணம் சொன்னால் கதை கட்சிப் பிரசாரமாகிவிடாதா என்று கேட்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே யுத்தத்துக்கு வெவ்வேறு தொடக்கம் சொல்லும் இலங்கையில் இது லேசான கேள்வி அல்ல. இதற்கான விடை கல்முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் உற்சவத்தில் பாரதக் கதை நிகழ்த்தப்படுகிறது. பாண்டவர் வனவாசம் போகிறார்கள், முடிவில் தீமிதிப்பு நடக்கிறது. குருசேத்திரம் வானத்திலிருந்து விழுந்த போர் என்று பாரதம் சொல்வதில்லை. துரியோதனனின் பொறாமை, திருதராட்டிரனின் பிள்ளைப் பாசம், தருமனின் சூதாட்டம், சபையில் வாய்மூடி இருந்த பெரியவர்கள் என்று எல்லோருடைய பங்கையும் அது எடுத்து வைக்கிறது. தருமனைக்கூடத் தப்பவிடுவதில்லை. காரணத்தை இவ்வளவு விரிவாகச் சொல்லும் கதையை யாரும் ஒரு கட்சிக்குச் சொந்தமாக்க முடியவில்லை. ஒரே ஒருவர் மேல் பழியைப் போட்டு மற்றவர்களை மறைக்கும்போதுதான் கதை பிரசாரமாகிறது.

2009 மே மாதத்தில் இலங்கை யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள் இப்போது எழுதத் தொடங்கும் வயதை எட்டியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிடும் பேச்சு. நாளை அவர்கள் எழுதும் எதிர்காலக் கதைகளில் பாழடைந்த நகரங்களும் உருமாறிய மனிதர்களும் வரட்டும். கதைமாந்தருக்குப் போரின் காரணம் தெரியாமல் இருக்கலாம். எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், வாசகர் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் வைத்திருக்க வேண்டும். மனிதர் முடிவெடுத்துச் செய்ததை மனிதர் முடிவெடுத்து நிறுத்தவும் முடியும் என்ற நம்பிக்கை, இப்படி எழுதப்பட்ட கதையிலிருந்துதான் கிடைக்கும்.