ஏறி இறங்கும் தொடர்வண்டி

விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு சென்று மகிழ்வதற்குரிய இடங்களுள் பொழுதுபோக்குப் பூங்காவும் ஒன்று. ஊர்த் திருவிழாக்களில் குடை ராட்டினமும் தொட்டில் ராட்டினமும் நெடுங்காலமாகச் சிறுவர்களை மகிழ்வித்து வருகின்றன. இன்றைய பூங்காக்களிலோ அனைவரின் கண்களையும் முதலில் ஈர்ப்பது, வானில் வளைந்து நெளிந்து செல்லும் இரும்புத் தண்டவாளமே ஆகும். அதன்மீது ஓடும் தொடர்வண்டியையே ரோலர் கோஸ்டர் என்கிறோம். அது தோன்றிய வரலாற்றையும், இயங்கும் முறையையும், அதில் பயணம் செய்வோர் அறிய வேண்டியவற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

பனிச்சறுக்கிலிருந்து பிறந்தது

ரோலர் கோஸ்டரின் தாயகம் ரஷ்யா. அங்குப் பனிக்காலத்தில் மரச்சட்டங்களால் உயரமான சாய்தளம் அமைப்பர். அதன்மேல் நீரை ஊற்றி உறையச் செய்வர். மக்கள் படிகளில் ஏறி, சறுக்குப் பலகையில் அமர்ந்து, அப்பனிச்சரிவில் விரைந்து இறங்கி மகிழ்வர். இவ்விளையாட்டு பிரான்ஸ் நாட்டுக்குப் பரவியபோது அங்குப் பனிக்கு மாற்றாகச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. 1817-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், தடத்தை விட்டு விலகாதவாறு அமைந்த சக்கர வண்டிகள் ஓடத் தொடங்கின.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1827-ஆம் ஆண்டு மலையிலிருந்து நிலக்கரியைக் கீழே கொண்டுவருவதற்காக ஓர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. சரிவில் தானாகவே இறங்கிய அவ்வண்டிகளில் பயணம் செய்ய மக்கள் விரும்பினர்; நாளடைவில் அது சுற்றுலாப் பயணிகளுக்குரிய பாதையாகவே மாறியது. பின்னர் 1884-ஆம் ஆண்டு லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க் நகரின் கோனி தீவில் பொதுமக்களுக்காக ஒரு வண்டியை ஓடவிட்டார். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரே. கட்டணம் 5 சென்ட். மிதிவண்டியை விட மெதுவாகச் சென்ற அதில் ஏறவும் மக்கள் வரிசையில் காத்து நின்றனர்.

பெயரிலும் ஒரு வியப்பு உண்டு. பிரெஞ்சு மக்கள் இதனை 'ரஷ்ய மலைகள்' என்கின்றனர். ரஷ்ய மக்களோ 'அமெரிக்க மலைகள்' என்கின்றனர்.

இந்தியாவில் 1984-ஆம் ஆண்டு டெல்லியில் 'அப்பு கர்' என்னும் பூங்கா திறக்கப்பட்டது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக விளங்கிய 'அப்பு' என்னும் யானைக்குட்டியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அது 2008-ஆம் ஆண்டு மூடப்பட்டது. மும்பையில் எஸ்ஸெல்வேர்ல்டு 1989-ஆம் ஆண்டிலும், மும்பைக்கும் புனேவுக்கும் இடையே கோப்போலியில் இமேஜிகா 2013-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. இமேஜிகாவில் உள்ள 'நைட்ரோ' என்னும் ரோலர் கோஸ்டர் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம் உடையது. அதன் இருக்கைகளுக்குக் கீழே தளம் இல்லை. பயணிகளின் கால்கள் காற்றில் தொங்கும். அவர்கள் ஐந்து முறை தலைகீழாகச் செல்வர்.

எஞ்சின் இல்லாத ஓட்டம்

இத்தொடர்வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் கிடையாது. தரையில் உள்ள மின்பொறி ஒரு நீண்ட சங்கிலியை இழுக்கும். அச்சங்கிலி வண்டியை முதல் மேட்டின் உச்சி வரை ஏற்றிவிடும். அதன்பின் வண்டியை ஓட்டுவது புவியின் ஈர்ப்பு விசையே.

மேட்டின் உச்சியை அடைந்த வண்டியிடம் நிலையாற்றல் நிறைந்திருக்கும். வண்டி இறங்க இறங்க அந்த ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறும். மீண்டும் ஏறும்போது இயக்க ஆற்றல் நிலையாற்றலாக மாறும். இம்மாற்றத்தின்போது உராய்வாலும் காற்றின் தடையாலும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. ஆகவே, சங்கிலியால் ஏற்றப்படும் முதல் மேட்டை விடப் பின்வரும் மேடுகள் உயரம் குறைந்தவையாகவே அமைக்கப்படுகின்றன.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். 40 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வே இல்லை என்று கொண்டால், அடியை அடையும்போது நொடிக்கு 28 மீட்டர் வேகம் பெறும். இது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆகும். இக்கணக்கில் வண்டியின் நிறை இடம்பெறுவதில்லை என்பது கருதத்தக்கது. நடைமுறையில், காற்றின் தடையை எளிதில் வெல்வதால், ஆள் நிறைந்த வண்டி வெற்று வண்டியை விடச் சற்று விரைவாகவே ஓடும்.

உடல் உணரும் விந்தை

மேட்டின் உச்சியைக் கடந்து வண்டி சரியும்போது பயணியின் உடல் இருக்கையிலிருந்து எழும்புவது போலத் தோன்றும். வயிறு மேலே வருவது போல இருக்கும். பள்ளத்தின் அடியில் வண்டி மேல்நோக்கி வளையும்போது உடல் பல மடங்கு கனத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் உடலின் நிறை மாறுவதில்லை. இருக்கை உடலைத் தாங்கும் விசையே கூடியும் குறைந்தும் அமைகிறது. அவ்விசையையே நாம் எடையாக உணர்கிறோம்.

தலைகீழாகச் சுழலும் வளையத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1895-ஆம் ஆண்டு கோனி தீவில் அமைந்த வளையம் முழு வட்டமாக இருந்தது. முழு வட்டத்தில் வண்டி உச்சியில் கீழே விழாமல் செல்ல வேண்டுமானால், அடிப்பகுதியில் நுழையும் பயணி தம் எடையைப் போல் குறைந்தது 6 மடங்கு அழுத்தத்தை உணர நேரும். அதனால் பயணிகளுக்குக் கழுத்து வலி உண்டாயிற்று, அவ்வண்டி நிலைக்கவில்லை. 1976-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஜெர்மன் பொறியாளர்கள் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டனர். வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவில், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்குமாறு அமைத்தனர். அழுத்தம் குறைந்தது. இன்றைய வளையங்கள் பலவும் அவ்வடிவையே பின்பற்றுகின்றன.

அச்சமும் காப்பும்

பயணிக்கு அச்சம் தோன்ற வேண்டும். ஆனால் ஆபத்து நேரக்கூடாது. இதுவே ரோலர் கோஸ்டரை அமைப்போரின் நோக்கம்.

வண்டியின் சக்கரங்கள் மூவகைப்படும். ஒன்று தண்டவாளத்தின் மேல் உருளும். மற்றொன்று பக்கவாட்டில் அணைத்து உருளும். மூன்றாவது தண்டவாளத்தின் அடியில் உருளும். மேலும் கீழும் பக்கமும் பற்றியிருப்பதால் தலைகீழாகும்போதும் வண்டி தடத்தை விட்டு அகலாது. அடிச்சக்கரத்தை ஜான் மில்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் நூறாண்டுகளுக்கு முன்னரே வடிவமைத்தார்.

மேட்டில் ஏறும்போது 'டக் டக்' என்னும் ஓசை கேட்கும். அது பழுதின் ஓசை அன்று. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதவாறு தடுக்கும் கொக்கி, ஒவ்வொரு பல்லாகத் தாண்டும் ஓசையே அது. தடம் முழுவதும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது மற்றொரு வண்டி அதனுள் நுழைய இயலாது. இறுதியில் வண்டியை நிறுத்தப் பல இடங்களில் காந்தத் தடைகள் பயன்படுகின்றன. மின்சாரம் தடைப்பட்டாலும் அவை வேகத்தைக் குறைக்கும்.

இத்தனை ஏற்பாடுகளும் நாள்தோறும் சோதிக்கப்பட்டால்தான் பயன் தரும். 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல்போல் ஆடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து உயிரிழப்பு ஏற்பட்டது. இயந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், அதனைப் பேணும் மனிதரின் கவனமே உயிரைக் காக்கும் என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

உயரக்கோல் சொல்வது என்ன?

ரோலர் கோஸ்டரின் வாயிலில் உயரத்தை அளக்கும் கோல் ஒன்று நிற்கும். பெரிய வண்டிகள் பலவற்றில் 120 முதல் 140 சென்டிமீட்டர் வரை உயரம் வேண்டப்படுகிறது. தாத்தா பாட்டியோடு சேர்ந்து பூங்காவிற்குச் செல்லும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பதின்மூன்று வயது அக்காவுக்கு உயரம் போதும்; எட்டு வயதுத் தம்பிக்கு நான்கு விரற்கடை குறைவு. ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்து நின்றபின் "நீ ஏற முடியாது" என்னும் சொல்லைக் கேட்டால் அச்சிறுவன் அழவே செய்வான். தடித்த அடி கொண்ட காலணியை அணிவித்தோ பணியாளரிடம் மன்றாடியோ அவனை ஏற்றிவிடலாம் என்று பெரியவர்களுக்கும் தோன்றக்கூடும்.

ஆனால் அக்கோல் அளப்பது வீரத்தை அன்று. தோளையும் இடையையும் பிணைக்கும் காப்புச்சட்டம் குறிப்பிட்ட உடலளவுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டுள்ளது. அதனினும் சிறிய உடல் சட்டத்தினுள் நழுவக்கூடும். உயர்ந்த காலணி உயரத்தைக் கூட்டுமேயன்றி உடலைக் கூட்டாது. ஆதலால், குடும்பத்தார் வரிசையில் நிற்பதற்கு முன்பே கோலருகே சென்று அளந்து பார்ப்பது நன்று. அப்பா அக்காவோடு ஏறும்போது அம்மா தம்பியோடு சிறுவர் வண்டிக்குச் செல்லலாம். பின்னர் முறை மாற்றிக்கொள்ளலாம்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகு வலி உடையோரும், கருவுற்ற பெண்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரும் இவ்வண்டிகளில் ஏறுதல் கூடாது. கைப்பேசி, மூக்குக்கண்ணாடி போன்றவற்றைக் கீழே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் தவறி விழும் கைப்பேசி, கீழே நிற்பவருக்குக் கல்லெறி போன்றதாகும்.

உயரம் இருந்தும் அஞ்சுவோர் உண்டு. "பயந்தாங்கொள்ளி" என்று நகைத்து அவர்களை ஏற்றுவது முறையன்று. வரிசையின் முன்னே வந்தபின்பும் வேண்டாம் என்று சொல்லி விலகிச் செல்லலாம். அதற்கெனத் தனி வழியையே பல பூங்காக்கள் அமைத்துள்ளன. ஏறுவதற்குத் துணிவு வேண்டும். நண்பர் பலர் கூடி வற்புறுத்தும்போது "எனக்கு வேண்டாம்" என்று கூறுவதற்கு அதனினும் மிகுந்த துணிவு வேண்டும். ஏறியவரும் ஏறாதவரும் மாலையில் ஒருங்கே மகிழ்ந்து வீடு திரும்பும் நாளே குடும்பத்திற்கு இனிய நாளாகும்.

சொற்பொருள்

சாய்தளம் – சரிவான பரப்பு
நிலையாற்றல் – ஒரு பொருள் தான் இருக்கும் உயரத்தால் பெறும் ஆற்றல்
இயக்க ஆற்றல் – ஒரு பொருள் இயங்குவதால் பெறும் ஆற்றல்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
பேணுதல் – பாதுகாத்தல்

பயிற்சி

1. முதல் மேடு மற்ற மேடுகளை விட உயரமாக அமைவது ஏன்?
2. முழு வட்ட வளையத்தின் குறை யாது? அது எவ்வாறு நீக்கப்பட்டது?
3. மூவகைச் சக்கரங்களின் பயனை எழுதுக.
4. பிரித்து எழுதுக: அச்சங்கிலி, அவ்விசை, இத்தொடர்வண்டி.
5. உயரம் குறைந்ததால் வண்டியில் ஏற இயலாத தம்பிக்கு அக்கா கூறும் ஆறுதல் மொழியை ஐந்து தொடர்களில் எழுதுக.