தோலோடு ஒரு பேச்சு - 11: முகத்தில் எதைப் பூசுவது?

போன வாரம் சன் ஸ்கிரீன் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: “முல்தானி மட்டி போடலாமா, கூடாதா?” போடலாம். ஆனால், அது யார் முகம், அதில் என்ன தொல்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

முல்தானி மட்டி ஒரு களிமண். எண்ணெயை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. எண்ணெய் வழிகிற முகமென்றால் வாரம் ஒருமுறை பன்னீரில் குழைத்துப் பூசுங்கள். அது காய்ந்து, வெடித்து, வாயைத் திறந்து பேச முடியாமல் ஆகும்வரை உட்கார்ந்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். அவ்வளவு நேரம் விட்டால் தோல் வறண்டு எரியத் தொடங்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில், லேசாக ஈரம் இருக்கும்போதே நனைத்துக் கழுவிவிடுங்கள், தேய்க்க வேண்டாம். வறண்ட சருமக்காரர்கள் மட்டி பக்கமே போக வேண்டாம். அவர்களுக்குத் தேனோ சோற்றுக்கற்றாழையோ போதும். கழுவியதும் ஈரத்தோடு மாய்ஸ்சரைசர் தடவுவது அதைவிட முக்கியம்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பிழியாதீர்கள். நம் தோலின் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. அதைப் பூசியபடி வெயிலில் போனால் கொப்புளம் வரலாம். கொப்புளம் ஆறினாலும் கருந்திட்டு போக மாதக்கணக்கில் ஆகும். சமையல் சோடாவுக்கும், பருவின்மேல் வைக்கிற பற்பசைக்கும் இதே தடைதான்.

சீழ் கட்டிய பரு இருக்கும்போது பயத்த மாவையோ வால்நட் ஸ்கிரப்பையோ வைத்துத் தேய்த்தால் தழும்புதான் மிச்சம். மூக்கின்மேல் இருக்கும் கரும்புள்ளியும் அழுக்கில்லை. துளைக்குள் அடைத்திருக்கும் எண்ணெயும் இறந்த செல்களும் காற்றுப்பட்டுக் கறுத்தவை அவை. உரித்தெடுக்கும் கரி மாஸ்க் அவற்றின் தலையை மட்டும் பிடுங்கும், கூடவே பூனைமுடியையும். சில நாளில் பழையபடி ஆகிவிடும். அடாபலின் போன்ற பரு மருந்து பூசுகிறவர்கள் உரிக்கிற மாஸ்க்கைத் தொடவே கூடாது, தோல் பெயர்ந்து வந்துவிடும். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிறதா? பேக்கைத் தேடும் முன் தலைக்கு வைக்கும் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள்.

எதைப் பூசுவதானாலும் முதலில் முன்கையின் உட்புறத்தில் தடவி ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள்தான் புதுப் பேக்கைச் சோதிப்பேன் என்று ஏன்தான் அடம்பிடிக்கிறார்களோ!

கன்னத்து மங்கு எந்தப் பேக்குக்கும் மசியாது. அதற்கு வெயில் தடுப்பும் தோல் மருத்துவரும்தான் வழி. கடையில் தாங்களாகவே ‘சிவப்பாக்கும்’ களிம்பு கேட்டு வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது.

கடைசியாக, கழுத்து. பிடரியும் அக்குளும் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அதை அழுக்கென்று நினைத்துத் தேய்க்காதீர்கள். பல நேரங்களில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. உடல் பருத்த பள்ளிப் பிள்ளைகளிடமும் தென்படுகிறது. கடலை மாவை மூடி வைத்துவிட்டு, முதலில் வெறும் வயிற்றில் சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)