டீச்சர் ஓட்டின காடி

ஈப்போவிலும் காம்பாரிலும் பழைய கார் விற்பவர்கள் விரும்பிச் சொல்லும் ஒரு பரிந்துரை உண்டு: "டீச்சர் ஓட்டின காடிங்க. வீட்டை விட்டா ஸ்கூல், ஸ்கூலை விட்டா வீடு. மைலேஜே ஏறல, பாருங்க." வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். மீட்டரில் எண் குறைவு என்றால் வண்டிக்கு வயதும் குறைவு என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறோம். என்ஜினுக்குள் நடக்கும் வேதியியல் வேறு கணக்கு வைத்திருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் நூறு கிராம் அளவுக்கு ஹைட்ரஜன். எரியும்போது அந்த ஹைட்ரஜன் தன் எடையைப் போல எட்டு மடங்கு ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கூட்டிப் பார்த்தால் 900 கிராம் தண்ணீர் வந்துவிடும். நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓடும் காரில் அது ஆவியாகவே வெளியேறிவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் காரில் புகைக்குழாய் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஆவி குளிர்ந்து குழாயின் அடியில் நீராகத் தேங்கும். எரிபொருளின் கழிவு அமிலங்களும் அதில் கலக்க, இரும்பை உள்ளிருந்து துரு தின்னத் தொடங்கும். கொஞ்சம் தண்ணீர் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜின் எண்ணெயிலும் இறங்கும். அந்த எண்ணெய் முழுச்சூட்டை எட்டக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்கு முன் வண்டியை நிறுத்தினால் தண்ணீர் எண்ணெயிலேயே தங்கிவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தால் அடியில் பால் காப்பி நிறத்தில் ஒரு பசை படிந்திருக்கும். பனி கொட்டும் நாடுகளைவிட நம் ஊரில் இந்தத் தொல்லை குறைவு. இங்கே என்ஜின் காலையிலேயே இருபத்தைந்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் தொல்லை தீர்ந்துவிடவில்லை.

காம்பாரைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமே இல்லை. ஈயம் தோண்டிய குட்டைகள் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கு ஊர் இது. 2007-இல் யூடார் பல்கலைக்கழக வளாகம் வந்த பிறகு மாணவர் ஊராகவும் ஆனது. வாடகை வீட்டிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து சாப்பாட்டுக் கடை: எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பிள்ளைக்கு ஒரு பழைய கார் பார்க்கும் பெற்றோர் முன்னால் வழக்கமான மைவி, சாகா கார்களோடு இரண்டு ஆசைகளும் வந்து நிற்கின்றன. ஒன்று, சிக்கனம் என்று பெயர் வாங்கிய ஐரோப்பிய டீசல் ஹேட்ச்பேக். இன்னொன்று, பிள்ளையே கண் வைத்திருக்கும் கூரை திறக்கும் கார். இரண்டும் புதிதாக வந்தபோது இருந்த விலைக்கு இப்போது வியக்கத்தக்க மலிவு. ஏன் இந்த மலிவு என்று தோண்டிப் பார்த்தால் நம் மண்ணின் கதையே அதற்குள் கிடக்கிறது.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அதன் கன அளவில் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கினால் அதன் சூடு ஐந்நூறு டிகிரியைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. இதே தத்துவத்தில் தீ மூட்டும் கருவியை மலாய்த் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் பர்மாவிலும் மக்கள் நெடுங்காலமாகக் கையில் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அடைத்த மரக்குழல் அல்லது கொம்புக்குழல், அதற்குள் இறுக்கமாக நுழையும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் துளி பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்துச் சட்டென்று உருவினால் பஞ்சு கனன்றுகொண்டு வரும். ரூடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க்கில் தன் என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது 1897-இல். நம் பக்கத்துக் காட்டு மக்களுக்கோ அந்த இயற்பியல் அதற்கு முன்பே கைவந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதிகமாக நசுக்குவதால் டீசல் என்ஜின் எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைக் கறந்துவிடுகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தாலும் பெட்ரோலைவிட டீசலில் ஆற்றல் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதிகம். ஒரு காலத்தில் ஊர் விட்டு ஊர் போன பென்ஸ் டாக்சிகள் டீசலில் ஓடியதற்குக் காரணம் அதுதான். அந்த டாக்சிகளின் வாழ்க்கையே நெடுந்தூரம். என்ஜின் ஆறுவதற்கே நேரம் இருந்ததில்லை.

இன்றைய டீசல் காரின் புகைக்குழாயில் அந்த டாக்சிகளுக்கு இல்லாத ஒரு பொருள் உண்டு. போர்மன்கள் டிபிஎஃப் என்பார்கள், புகைக்கரி வடிகட்டி. பீங்கானில் செய்த தேன்கூடு போன்ற அமைப்பு, ஒன்றுவிட்டு ஒன்று அடைத்த நுண்துளைக் குழாய்கள். 2000-இல் பெஜோ 607 காரில் முதன்முதலாக வந்தது. ஐரோப்பாவில் 2009-க்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கட்டாயம் போலவே ஆகிவிட்டது. மூச்சுக்குழாயை அரிக்கும் கரித்துகளில் பெரும்பங்கை இது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு அறுநூறு டிகிரியை ஒட்டிய சூடு, நிற்காத ஓட்டத்தில் பத்து இருபது நிமிடம் தேவை. கோப்பெங்கில் ஏறி ஈப்போ தாண்டிப் போகிறவருக்கு இது தானாக நடக்கும், தெரியக்கூடத் தெரியாது. காம்பார் டவுனுக்குள் சுற்றுகிறவருக்கு நடக்கவே நடக்காது.

சூட்டை ஏற்றக் கணினி என்ன செய்கிறது என்று பாருங்கள். பல கார்களில் அது பிஸ்டன் இறங்கும் நேரத்தில் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுகிறது, புகைக்குழாயில் போய் எரியட்டும் என்று. பாதியில் வண்டியை நிறுத்திவிட்டால், எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து என்ஜின் எண்ணெயோடு சேரும். இங்கேதான் செம்பனை கதைக்குள் வருகிறது. நம் பம்புகளில் 2019 முதல் கிடைக்கும் பி10 டீசலில் பத்து விழுக்காடு வரை பாமாயிலிலிருந்து செய்த எரிபொருள் கலந்திருக்கிறது. டீசல் துளிகளில் லேசானவை சூட்டில் ஆவியாகிப் போய்விடும். பாமாயில் பகுதி முந்நூறு டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும் என்பதால் எண்ணெயிலேயே தங்கிக்கொள்ளும். ஆகவே பழைய டீசல் கார் பார்க்கப் போனால் முதலில் எண்ணெய் அளவுக் கம்பியை உருவுங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், அந்த வண்டியின் வடிகட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எண்ணெய் குறைந்தால் கவலைப்படுகிற நமக்கு, கூடினாலும் கவலைப்பட வேண்டும் என்பது புதிதாக இருக்கும்.

செம்பனைக்கு இன்னொரு குணமும் உண்டு. சமையல் பாமாயிலை ஐஸ் பெட்டியில் வைத்தால் கலங்கிக் கட்டியாகும் அல்லவா? எரிபொருளான பிறகும் அந்தக் குணம் போகவில்லை. அதனால்தான் பி10 வந்தபோது கேமரன் மலைக்கு விலக்குக் கொடுத்தார்கள். நம் பக்கத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் தானா ராத்தாவின் குளிரில் எரிபொருளின் விதியே மாறிவிடுகிறது.

பணக்கணக்கு 2024 ஜூன் 10-இல் தலைகீழானது. தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியது. நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் குடிக்கும் டீசல் காருக்கு முதல் நாள் 10.75 வெள்ளி, மறுநாள் 16.75 வெள்ளி. ஆறரை லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார் அன்றைய 2.05 வெள்ளி விலையில் 13.33 வெள்ளியில் அதே தூரத்தை முடித்தது. விலை பிறகும் மாறியிருக்கிறது. ஆனால் டீசல் என்றாலே மலிவு என்ற பழைய கணக்கு அன்றே முறிந்துவிட்டது. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஓடிய ஸ்விஃப்ட் டீசலை மாருதி 2020-இல் நிறுத்தியதற்கும் பணக்கணக்குத்தான் காரணம்: புது மாசு விதிக்கேற்ற கருவிகளைச் சின்னக் காரில் பொருத்தினால் விலை கட்டுப்படியாகாது.

கூரை திறக்கும் காருக்கு வருவோம். மூடியோடு இருக்கும் பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் வளைந்து நெளியும். கூரையை வெட்டிய காருக்கும் அதே கதிதான். நான்கு பக்கமும் மூடிய பெட்டி முறுக்கு விசையைச் சுற்றி அனுப்பிவிடும். ஒரு பக்கம் திறந்துவிட்டால் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். இதை ஈடுகட்டக் கதவுக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்தில், தரையில் என்று எஃகைக் கூட்டுகிறார்கள். அதனால் கூரை இல்லாத கார் கூரை உள்ளதைவிடக் கனமாகிறது. நம் நாட்டிலும் பழையதாகக் கிடைக்கும் பெஜோ 206 சிசி, அதன் ஹேட்ச்பேக் அண்ணனைவிட ஏறக்குறைய நூறு கிலோ கூடுதல். அப்படியும் குண்டும் குழியுமான சாலையில் முகப்புக் கண்ணாடிச் சட்டம் லேசாக அதிர்வதைக் கையால் தொட்டே உணரலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் ரப்பர். பேராக்கில் இருந்துகொண்டு ரப்பரைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக என்னால் முடியாது. கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பின்னர் எழுந்த தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் எழுந்து மரம் சீவினார்கள். அவர்கள் சேர்த்த பாலின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கும். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் வித்தையைப் பல கோடி முறை சளைக்காமல் செய்ய இயற்கை ரப்பரை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் இன்றைக்கும் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கிலும் டயரிலும் அதுவே பாடுபடுகிறது. அதன் பலவீனமும் அந்த இரட்டைப் பிணைப்புத்தான். காற்றில் மிகச் சொற்பமாக இருக்கும் ஓசோன் அங்கேதான் போய் வெட்டும். இழுபட்டிருக்கும் ரப்பரில் இழுவைக்குக் குறுக்கே வெடிப்பு விழும்.

டயரில் இதைத் தடுக்க ஒரு மெழுகைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது மெழுகு மெல்ல மேலே கசிந்து தோல் போலப் படரும். ஓடாமல் நிற்கும் காரில் அந்த நெளிவே இல்லை. டீச்சர் ஓட்டின காடியில் டயர் பூ அழியாமல் இருந்தும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடுவதற்கு இது ஒரு காரணம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்த டயர். பூ எவ்வளவு இருந்தாலும் அந்த எண்ணைக் குனிந்து படியுங்கள்.

கூரை திறக்கும் காரில் கூரைக்கும் கதவுக்கும் இடையே நீர் புகாமல் அடைக்கும் பட்டைக்கு இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான் பெரும்பாலும். அதன் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு கிடையாது என்பதால் ஓசோனுக்குப் பிடி கிடைக்காது. ஆனாலும் வருடக்கணக்கில் மடிந்து அமுங்கி, வெயிலில் வெந்து, பழைய வடிவத்துக்குத் திரும்பும் சக்தியை அதுவும் இழக்கும். சாதாரணக் காரில் அசையாமல் கிடக்கும் பட்டை, இந்தக் காரிலோ ஒவ்வொரு முறையும் பிரிந்து சேர வேண்டும். கூரை ஓரத்தில் சேரும் மழைநீரை இறக்கச் சின்னக் குழாய்கள் உண்டு. ஒரு காய்ந்த இலை போதும், அடைத்துவிடும். தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கி அங்கிருக்கும் மின்கருவிகளை நனைக்கும். மாலையானால் இடி மின்னலோடு கொட்டும் பேராக் மழையில், போர்ச் கூரை இல்லாத வாடகை வீட்டு வாசலில் நிறுத்த வேண்டிய மாணவருக்கு இந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன். வண்டியைப் பார்க்கவே போவதென்றால் மழை விட்ட கையோடு போய்த் தரைவிரிப்பைத் தூக்கி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குச் செய்யும் புஸ்பாகோம் சோதனை சேசிஸ் எண்ணைப் பார்க்கும், பிரேக்கைப் பார்க்கும். வடிகட்டியின் கரியையும் வண்டி வாழ்ந்த வாழ்க்கையையும் அது பார்க்காது. அந்த வாழ்க்கையை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் ஈப்போ போய்வந்து, சர்வீஸ் புத்தகம் நிரம்பி, 180,000 கிலோமீட்டர் ஏறிய 1.3 மைவியை, 60,000 கிலோமீட்டர் டவுனுக்குள்ளேயே ஓடிய வண்டிக்கு முன்னால் நான் நிறுத்துவேன். அந்த மைவிக்கு ரோட் டாக்ஸ் வருடத்துக்கு 70 வெள்ளி. 2,000 சிசியை ஒட்டிய பெட்ரோல் கன்வர்ட்டிபிளுக்கு 380 வெள்ளியை நெருங்கும். பார்க்கப் போகும்போது சொல்லாமல் காலையில் போய், என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் தொட்டுப் பாருங்கள், ஆறியிருக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளத்தில் முங்கிய வண்டியானால் அந்தக் கடைசி அடியில் சேற்றுக்கறை தெரியும். மைவியில் டைமிங் செயின். வீராவும் பழைய கேம்ப்ரோ என்ஜின் சாகாவும் என்றால் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, ரசீது இல்லையென்றால் அதற்கான பணத்தை விலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.