உங்கள் சர்வரின் சாவி யாரிடம்?

ஈரோட்டில் தெரிந்தவர் ஒருவரின் ஜவுளி அலுவலகம். கணக்கர் மேசைக்கடியில் சர்வர், தூசி விழாமல் மேலே ஒரு துண்டு. உள்ளே விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. "பத்து வருசத்துக்கு மேல ஓடுதுங்க, ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றார் முதலாளி.

ஓடுவதுதான் ஆபத்து. அந்தப் பதிப்புக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. 2012 பதிப்புக்கு 2023 அக்டோபர் 10. சொந்த மெயில் சர்வராகப் பலர் வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14. அதற்குப் பிறகு தெரியவரும் ஓட்டைகளுக்கு வழக்கமான திருத்தம் வராது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் தாக்கியபோது அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். சர்வரிலேயே செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினார். ஏதாவது ஒரு பில்லைத் திறக்கச் சொன்னேன். கடைசி நகல் இரண்டு வருடம் பழையது. தினமும் எடுப்பதாக அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எடுத்திருந்தாலும், சர்வரைப் பூட்டும் வைரஸ் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். நகல் ஒன்று கழற்றி வேறு இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும்.

பத்துப் பேர் அலுவலகத்துக்குச் சொந்த மெயில் சர்வர் தேவையில்லை என்பது என் கருத்து. மாதக் கட்டண மெயில் சேவை போதும். ஆனால் மாறுவதற்கு முன் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே பணம் கட்டியவர் முதலாளி. பதிவும் அட்மின் பாஸ்வேர்டும் சர்வீஸ்காரரிடம். அவரோ போனை எடுப்பதில்லை. வாரக்கணக்கில் அலைந்துதான் பெயர் மாற்ற முடிந்தது. டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பாஸ்வேர்டுகளை ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உரிமை உள்ளவரைக் கணினிக்குள் நுழைய விடாமல் தடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆவது பிரிவின்படி இழப்பீடு கோரலாம். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்.

புதிய சேவையில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போடச் சொல்லுங்கள்; உங்கள் முகவரியைப் போலியாகப் போட்டு மற்றவர் மெயில் அனுப்புவதை அவை கட்டுப்படுத்தும். பழைய டிஸ்க்கை முழுதாக அழிக்காமல் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், மெயிலுக்குள் புகுந்தவன் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பான். பணம் வரவேண்டிய நேரத்தில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று உங்கள் பெயரில் எழுதுவான். பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பதற்றத்தில் சர்வரை ஃபார்மேட் செய்யாதீர்கள், மெயிலை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு.

அந்த ஜவுளி அலுவலகத்தின் பில்லில் இப்போது கீழே ஒரு வரி அச்சாகிறது: "எங்கள் வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், போனில் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்."