சீம்பாலில் என்ன இருக்கும்? அம்மாவின் சாப்பாடு எவ்வளவு தீர்மானிக்கிறது?

"பாலே வரலை, சொட்டு சொட்டா மஞ்சளா வருது. மாசமா இருக்கும்போது ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா?" பிரசவ வார்டில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, அந்த மஞ்சள் சொட்டுதான் பால். இன்னொன்று, பழி.

முதல் சில நாட்களுக்குச் சுரக்கும் சீம்பால் குறைவாகத்தான் வரும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி வரை கிடைத்தால் போதும். மஞ்சள் நிறம் பீட்டா கரோட்டினால் வருவது. பின்னாளில் வரும் பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் புரதம் என்றால், சீம்பாலில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரையும் கொழுப்பும் குறைவு. அந்தப் புரதத்தில் பெரும்பகுதி வயிறு நிரப்ப அல்ல, நோயிலிருந்து காக்க. அம்மாவின் குடலும் நுரையீரலும் இதுவரை சந்தித்த கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் அதில் இருக்கின்றன. கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களின் பாலிலும் அதற்கான ஆன்டிபாடிகள் தென்பட்டன.

இதை மார்பகம் எப்போது தயாரிக்கத் தொடங்குகிறது தெரியுமா? கர்ப்பத்தின் நாலாவது, ஐந்தாவது மாதத்திலேயே. அதனால் பிரசவத்துக்குப் பிறகு தரும் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் அம்மாவின் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் முதல் நாள் சீம்பாலை மாற்ற அவை ரொம்பவே லேட்!

சாப்பாட்டால் மாறுவது எது?

லாக்டோஸும் மொத்தப் புரதமும் அம்மாவின் சாப்பாட்டைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. கால்சியம் போதவில்லை என்றால் உடல் அதை அம்மாவின் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். இரும்புச்சத்தும் அப்படித்தான், அம்மாவுக்கு மிதமான ரத்தசோகை இருந்தாலும் பாலில் பெரிதாகக் குறையாது. நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2% பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு-5 (2019-21). அதாவது இங்கே இழப்பு பெரும்பாலும் அம்மாவுக்கு. பாலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

மாறுபவை வேறு. பாலில் இருக்கும் கொழுப்பின் வகை, அம்மா மீன் சாப்பிடுகிறாரா, எந்த எண்ணெயில் சமைக்கிறார் என்பதை அப்படியே காட்டும். வைட்டமின் ஏ, பி1, பி12, அயோடின் ஆகியவையும் அம்மாவின் உடலில் குறைந்தால் பாலிலும் குறையும்.

இதில் இந்தியாவுக்கு முக்கியமானது பி12. இயற்கையில் இது கிட்டத்தட்ட முழுக்க அசைவத்திலும் பாலிலும் முட்டையிலும்தான் கிடைக்கிறது. பல வருடங்களாகச் சுத்த சைவம், பால் தயிரும் குறைவு என்றால் அம்மாவுக்கு அறிகுறியே இல்லாமல் பற்றாக்குறை இருக்கலாம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் அவர் குழந்தைக்குச் சில மாதங்களில் கை கால் நடுக்கம், வளர்ச்சியில் பின்னடைவு வரலாம். இந்தியக் குழந்தை மருத்துவர்களுக்கு இது நன்கு தெரிந்த பிரச்சினை. ஒரு ரத்தப் பரிசோதனை, மாத்திரை அல்லது ஊசி. தடுப்பது அவ்வளவு சுலபம். கர்ப்பம் திட்டமிடும் போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பி1 குறைவதும் ஆபத்து. பாலிஷ் செய்த அரிசிச் சோறும் ரசமும் மட்டும் என்று கடுமையாகப் பத்தியம் இருந்தால், சீம்பாலுக்குப் பிறகு வரும் பாலில் அது தெரியும்.

எடை, சர்க்கரை, சிசேரியன்?

குறைமாதத்தில் பிரசவித்தவரின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருக்கும். இது நல்ல செய்தி. மரபணுவுக்கும் பங்குண்டு: குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரை சில பெண்களின் பாலில் இருக்கவே இருக்காது. அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

உடல் பருமன், கர்ப்பகாலச் சர்க்கரை நோய், முதல் பிரசவம், சிசேரியன் ஆகியவை சத்தை மாற்றுவதைவிடப் பால் பெருகும் நாளைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம். நஞ்சுக்கொடி வெளியேறி புரோஜெஸ்டிரோன் இறங்கிய பிறகு, வழக்கமாக இரண்டாம், மூன்றாம் நாளில் பால் பெருகும். இவர்களுக்கு இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் உள்ளே வருகின்றன. பவுடர் பால் டப்பாவும்தான்.

ஒரு புள்ளிவிவரம் பாருங்கள். அதே 2019-21 ஆய்வின்படி நாட்டில் 88.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவர்கள் 41.8% குழந்தைகள்தான். நர்ஸும் டாக்டரும் பக்கத்தில் இருந்தும் இந்த இடைவெளி என்றால், அதை அம்மாவின் சாப்பாட்டுத் தட்டில் தேடுவதில் அர்த்தமில்லை. உங்கள் வீட்டில் பிரசவம் நெருங்கினால் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே இரண்டு கேள்வி கேளுங்கள்: சிசேரியன் ஆனாலும் முதல் மணி நேரத்தில் குழந்தையை அம்மாவிடம் தருவீர்களா? முடியாமல் போனால், கையால் பீய்ச்சிய சீம்பாலைப் பாலாடையில் புகட்ட யார் உதவுவார்கள்?